உக்காந்தே இருந்தா ஆயுசு கொறையுமா? இந்த பயத்த யாரு கெளப்பி விட்டா?

கீபோர்டு கருப்பசாமி | ஞாயிறு இரவு 9:14
மக்களே ஒரு சந்தேகம். போன வாரம் எங்க ஆபீஸ்ல ஹெல்த் செக்கப் கேம்ப் போட்டாங்க, ரிப்போர்ட்ல பெருசா ஒன்னும் இல்ல, சுகர் மட்டும் பார்டர்ல நிக்குது. ஆனா கடைசில ஒருத்தர் ஸ்லைடு போட்டு பேசுனாரு, அதுல 'உக்காருறதுதான் புது சிகரெட்'னு கொட்ட எழுத்துல ஒரு வரி. அன்னிலேந்து சேர்ல உக்காந்தாலே ஏதோ தப்பு பண்ற மாதிரியே இருக்கு. எனக்கு ஓ.எம்.ஆர்ல வேலை, ஒம்போது மணி நேரம் சீட்டு, பல்லாவரத்துலேந்து போக வர அதுவும் உக்காந்துதான், வீட்டுக்கு வந்தா சோபா. எங்க தாத்தா காலைல வயலுக்கு போயிட்டு வந்தா சாயங்காலம் பூரா திண்ணைலதான் கெடப்பாரு, அவருகிட்ட யாரும் இப்படி சொன்னதில்ல. இது எப்பலேந்து கெட்ட பழக்கம் ஆச்சு? முதல்ல சொன்னது யாரு? ஸ்டாண்டிங் டெஸ்க் ஒன்னு 22,000 ரூபா சொல்றான், வாங்கலாமா வேணாமா?

டீக்கடை பெஞ்சு | 9:21
22 ஆயிரமா?? வீட்ல பழைய டிரங்கு பொட்டி இருந்தா மேசை மேல கவுத்து வச்சு அது மேல லேப்டாப்ப வை. மிச்ச காசுல நமக்கு டீ.

பழைய பேப்பர் | 10:02
கருப்பசாமி, நல்ல கேள்வி. ஆரம்பிச்சது ஒரு பஸ்ஸுல.

ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயம், இங்கிலாந்துல நடுத்தர வயசு ஆம்பளைங்க ஹார்ட் அட்டாக்ல பொத்து பொத்துனு விழுறாங்க, ஏன்னு யாருக்கும் தெரியல. ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர், போர்ல நம்ம இந்தியாவுலயும் பர்மாவுலயும் ராணுவ டாக்டரா இருந்துட்டு போனவரு, 1949ல ஒரு ஆய்வு ஆரம்பிக்கிறாரு. எந்த வேலை செய்றவனுக்கு எவ்ளோ ஹார்ட் அட்டாக்குனு கணக்கு எடுக்கணும். லண்டன் மாடி பஸ்ஸ நெனச்சு பாருங்க, ஒரே பஸ்ஸுல ரெண்டு பேரு. டிரைவர் நாள் பூரா சீட்ட விட்டு எந்திரிக்க முடியாது. கண்டக்டர் ஒரு நாளைக்கு 500லேந்து 750 படி வரைக்கும் ஏறி எறங்குறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஏரியா, ஒரே மாதிரி குடும்பம், சம்பளமும் பெருசா வித்தியாசம் இல்ல. அதனாலதான் இது அழகான ஒப்பீடு, கடவுளே லேப் செட் பண்ணி குடுத்த மாதிரி. 35லேந்து 64 வயசுக்குள்ள சுமார் 31,000 பேர பாத்தாங்க. கண்டக்டருங்களுக்கு நோய் கம்மி, வந்தாலும் லேட்டா வருது, வந்தவுடனே செத்துப்போறதும் கம்மி.

மாரிஸ் அதோட விடல, இது பஸ்ஸுக்கு மட்டுமா இருக்கும்னு சந்தேகப்பட்டு தபால்துறை கணக்கையும் எடுத்தாரு. நடந்தும் சைக்கிள்லயும் தபால் குடுக்குறவங்க ஒரு பக்கம், உக்காந்து வேலை பாக்குற கிளார்க், டெலிபோன் ஆபரேட்டருங்க இன்னொரு பக்கம். அங்கயும் அதே கதை. 1953ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகைல வெளியாச்சு. உன் ஆபீஸ் ஸ்லைடுக்கு கொள்ளுத்தாத்தா அதுதான்.

நெடுந்தீவான் | 10:40
தம்பிமாருக்கு வணக்கம். நான் 2004 இல இருந்து லண்டனில பஸ் ஓடுறன், உந்தக் கதை எங்கட டிப்போவில எல்லாருக்கும் தெரியும். நான் சேரேக்க பழைய ரூட்மாஸ்டர் பஸ் கொஞ்சம் ஓடிக்கொண்டு இருந்தது, பின்னால திறந்தபடி, கொண்டக்டரோட. 2005 டிசம்பரோட வழமையான ரூட்டுகளில அது நிண்டு போச்சுது. இப்ப படி ஏறுற ஆள் இல்லை, சீட்டில இருக்கிற ஆள் மட்டும்தான் மிச்சம். அந்த ஆராய்ச்சியில ஆருக்கு நெஞ்சு வருத்தம் கூடவெண்டு கண்டுபிடிச்சவையோ, அவரை மட்டும் வைச்சுக்கொண்டு மற்றவரை வீட்டை அனுப்பிப் போட்டினம் எண்டு நாங்கள் பகிடியாச் சொல்லுறனாங்கள். எனக்கும் பிரஷர் குளிசை நாலு வருஷமா.

டீக்கடை பெஞ்சு | 10:44
அண்ணே இது பகிடி இல்ல, இதுதான் மேட்டரே 😐

கீபோர்டு கருப்பசாமி | 11:05
சூப்பர் இன்ஃபோ. ஆனா ஒரு டவுட்டு பழைய பேப்பர் அண்ணே. சும்மாவே சுறுசுறுப்பா இருக்குறவன் கண்டக்டர் வேலைக்கு போயிருக்கலாம்ல, கொஞ்சம் தொந்தி உள்ளவன் டிரைவர் ஆயிருக்கலாம்ல? அப்ப தப்பு சீட்டு மேலயா ஆளு மேலயா?

பழைய பேப்பர் | 11:38
சரியான எடத்துல கைய வச்ச. அந்த சந்தேகம் மாரிஸுக்கே இருந்துச்சு. 1956ல அவரு போட்ட இன்னொரு பேப்பர் எனக்கு ரொம்ப புடிக்கும். பஸ் கம்பெனில ஒவ்வொருத்தனுக்கும் யூனிஃபார்ம் தைக்க எடுத்த அளவு நோட்டு இருக்கும்ல, அத வாங்கி பேண்ட் இடுப்பு சைஸ கணக்கு பண்ணிட்டாரு! எந்த வயசுல பாத்தாலும் டிரைவர் இடுப்பு பெருசு, சின்ன வயசு பசங்கள்லயும் அப்படித்தான். பின்னாடி 60கள்ல வேற ஒருத்தர், புதுசா சேர்ற பசங்களோட எடை, ரத்தக் கொழுப்பு எல்லாம் பாத்தாரு, அதுலயும் டிரைவர் வேலைக்கு வர்றவன் வரும்போதே கொஞ்சம் கனமா வர்றான்னு தெரிஞ்சுது. அதனால படி ஏறுறது மட்டுமே காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா ஒன்னுமே இல்லனும் சொல்ல முடியாது. இந்த ரெண்டாவது பேப்பர யாரும் ஸ்லைடுல போட மாட்டான், கவனிச்சியா.

பிசியோ தம்பி | திங்கள் காலை 7:10
இழை நல்லா போகுது, நைட்டே பாத்திருந்தா கலந்திருப்பேன். நான் பிசியோதெரபிஸ்ட், திருச்சி. ஒரு விஷயம் சேக்குறேன். மாரிஸ் பேசுன காலத்துல டாக்டருங்களே நேர் எதிர் பக்கம் நின்னாங்க. அப்ப ஹார்ட் அட்டாக் வந்தா ஒரே வைத்தியம் படுக்கை. நாலு வாரம் ஆறு வாரம் அசையக்கூடாது, சோறு கூட ஊட்டி விடணும், இதயத்துக்கு ரெஸ்ட் வேணும்னு லாஜிக். அதுல ரத்தம் உறைஞ்சு நுரையீரல்ல அடைச்சு செத்தவங்க எத்தன பேரோ. 1952ல அமெரிக்காவுல சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன்னு ரெண்டு டாக்டருங்க, பேஷண்ட்ட கட்டில்லேந்து எறக்கி சாய்வு நாற்காலில உக்கார வைங்கனு எழுதுனாங்க. அதாவது அன்னிக்கு நாற்காலில உக்காருறதுதான் பெரிய எக்சர்சைஸ் 😀 அதுக்கே எதிர்ப்பு வந்துச்சு.

அப்புறம் 1966ல டல்லாஸ்ல 20 வயசு ஆரோக்கியமான பசங்க அஞ்சு பேர மூணு வாரம் கட்டில்லயே படுக்க வச்சு பாத்தாங்க. உடம்பு ஆக்சிஜன் எடுக்குற திறன் கால்வாசிக்கு மேல எறங்கிடுச்சு. அதே அஞ்சு பேர 30 வருஷம் கழிச்சு 50 வயசுல கூப்பிட்டு டெஸ்ட் பண்ணா, அந்த மூணு வாரம் கெடுத்த அளவுக்கு 30 வருஷ வயசு கூட கெடுக்கல. அஞ்சே பேருதான், சின்ன ஆய்வு, ஆனா ஆஸ்பத்திரில ரெஸ்ட் எடுங்கனு சொல்ற பழக்கத்த ஆட்டி வச்சதுல இதுக்கும் பங்கு இருக்கு. நம்ம ஊர்ல இன்னும் ஆபரேஷன் முடிஞ்ச மாமியார எந்திரிக்கவே விடாம பாசத்துல படுக்க வச்சிருவாங்க, எனக்கு தெனமும் அதோட சண்டைதான்.

இரும்புக்கை | 8:30
என்னதான் ஆராய்ச்சி பேசுனாலும் சோம்பேறித்தனத்துக்கு சாக்குதான். தெனம் 10,000 ஸ்டெப் நட, எல்லாம் சரியாயிடும். நம்ம முன்னோர் சும்மாவா சொன்னாங்க உக்காந்து தின்னா மலையும் கரையும்னு.

பழைய பேப்பர் | 9:15
இரும்புக்கை, கரையுறது சொத்து தம்பி, ஒடம்பு இல்ல. சம்பாதிக்காம தின்னா அப்பன் சேத்து வச்ச மலையும் தீந்துரும்னு அர்த்தம். சொல்லப்போனா நம்ம ஊர்ல உக்காந்து சாப்பிடுறதுதான் பெருமை. அவனுக்கென்ன உக்காந்த எடத்துல சம்பாதிக்கிறான்னு பொறாமையா சொல்லுவோம், பையனுக்கு 'ஃபேனுக்கு அடில' ஒரு வேலை கெடைக்கணும்னு கோயிலுக்கு நேந்துக்குவோம். மூணு தலைமுறை கஷ்டப்பட்டு புடிச்ச சேரு இப்ப சிகரெட்டுனு சொன்னா கருப்பசாமிக்கு கோவம் வராதா.

அந்த 10,000 கதையும் கேளு. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச அடுத்த வருஷம் ஜப்பான்ல ஒரு கடிகாரக் கம்பெனி இடுப்புல மாட்டுற நடை மீட்டர் ஒன்ன விட்டுச்சு, பேரு மான்போகேய், 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம். நம்பர் ரவுண்டா இருந்துச்சு, வாய்ல வந்துச்சு, ஒட்டிக்கிச்சு. அவ்ளோதான். 2019ல ஹார்வர்டுல ஐ-மின் லீ, சராசரி 72 வயசு உள்ள 16,741 பொம்பளைங்களுக்கு மீட்டர் மாட்டி பாத்தாங்க. 2,700 அடி நடக்குறவங்கள விட 4,400 நடக்குறவங்களுக்கே சாவு நல்லா கம்மி, 7,500 கிட்ட போனதும் அதுக்கு மேல பெருசா லாபம் தெரியல. வயசானவங்க கணக்கு அது, உனக்கு கூட வேணும்னா கூட நட, ஆனா 9,200ல நின்னு போச்சுனு ராத்திரி ஹால்ல குறுக்கும் நெடுக்கும் நடந்து பொண்டாட்டிய கடுப்பேத்தாத.

டீக்கடை பெஞ்சு | 9:19
என் மச்சான் மொபைல குழந்தை கையில கட்டி விட்டு ஸ்டெப் ஏத்துறான். இன்சூரன்ஸ்ல பாயிண்ட் வருதாம்.

பிசியோ தம்பி | 1:25
லஞ்ச்ல இருக்கேன். ஸ்லைடு வரிக்கு வர்றேன். உக்காருறது சிகரெட் மாதிரியாங்கிறத 2018ல அமெரிக்காவுல ஒரு பொது சுகாதார ஜர்னல்ல கணக்கு போட்டு பாத்தாங்க. புகை பிடிக்கிறவனுக்கு சாவு ரிஸ்க் 180 சதவீதம் கிட்ட கூடுது, ரொம்ப நேரம் உக்காருறவனுக்கு 25 கிட்ட. ரெண்டும் ஒன்னா? இந்த மாதிரி வசனம் பேசுனா உண்மைல பீடி பிடிக்கிறவன் என்ன நெனப்பான், எல்லாரும்தான் உக்காருறாங்க நான் பிடிச்சா என்னனு நெனப்பான்.

2016ல லான்செட்ல பத்து லட்சம் பேருக்கு மேல உள்ள டேட்டாவ சேத்து பாத்தாங்க. தெனம் 60-75 நிமிஷம் வேக நடை மாதிரி ஏதாச்சும் செய்றவங்களுக்கு, 8 மணி நேரம் உக்காந்தாலும் கூடுதல் ரிஸ்க் தெரியல. அஞ்சு மணி நேரத்துக்கு மேல டிவி பாக்குறவங்களுக்கு மட்டும் முழுசா போகல (நொறுக்குத் தீனி கணக்கு அதுல இருக்கும்னு என் சந்தேகம்).

ஸ்டாண்டிங் டெஸ்க்? சும்மா நிக்கிறதுக்கும் உக்காருறதுக்கும் கலோரி வித்தியாசம் நிமிஷத்துக்கு 0.15தான். 65 கிலோ ஆளு ஆறு மணி நேரம் நின்னா 54 கலோரி.

டீக்கடை பெஞ்சு | 1:31
அப்ப ஆறு மணி நேரம் நின்னுட்டு ஒரு டீ குடிச்சா நஷ்டம்ங்குற. சக்கரை ரெண்டு ஸ்பூன் நமக்கு.

செல்வி மதுரை | இரவு 10:50
எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவுக, நான் குறுக்க பேசுறேன்னு நெனைக்காதிக. நான் ஒரு பெரிய ஜவுளிக்கடைல சேலை செக்சன்ல இருக்கேன், 14 வருசமாச்சு. காலைல ஒம்போதரைக்கு நின்னா ராத்திரி ஒம்போதரை, தீவாளி சீசன்னா பதினொன்னு கூட ஆகும். நடுவுல சாப்பாட்டுக்கு அரை மணி. செவுத்துல சாஞ்சா கேமராவுல பாத்துட்டு மேல இருந்து போன் வரும். ரெண்டு காலுலயும் நரம்பு சுருண்டு புழு மாதிரி நிக்கிது, ராத்திரி கால தலகாணி மேல தூக்கி வச்சாத்தான் தூக்கம். அடியெல்லாம் நான் எண்ணுனது இல்ல, ஆனா உங்க பத்தாயிரம் மத்தியானத்துக்குள்ள தாண்டிரும், அலமாரிக்கும் கவுண்டருக்கும் நடந்தே. எனக்கும் சுகர் இருக்கு. இப்ப நான் ஆரோக்கியமா இல்லையா, உங்க கணக்குல எந்தப் பக்கம் வருவேன்? உக்காந்தா சாவோம்னு பயப்படுறது எனக்கு சிரிப்பா வருது தம்பி, கோவிச்சுக்காத. உக்கார ஒரு முக்காலி குடுத்தா நான் இன்னும் நாலு வருசம் கூட வேலை பாப்பேன்.

நெடுந்தீவான் | 11:02
தங்கச்சி சொல்லுறதுதான் சரி. உங்கட கதையைத்தான் முதல்ல எழுதியிருக்க வேணும்.

பழைய பேப்பர் | 11:47
செல்விம்மா, குறுக்க பேசல நீங்க. நாங்கதான் நேத்துலேந்து சேர சுத்தியே ஓடிட்டிருந்தோம்.

உங்க கேள்விக்கு ஆராய்ச்சில ஒரு பேரே வச்சிருக்காங்க, 'உடலுழைப்பு முரண்'னு வச்சுக்கலாம். டென்மார்க்ல ஹோல்டர்மன்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிகளும் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க, லீவு நேரத்துல ஓடுற ஓட்டம் இதயத்துக்கு நல்லது பண்ணுது, ஆனா சம்பளத்துக்கு தூக்குற மூட்டை அப்படி பண்ணல. 2018ல ஒன்னே முக்கா லட்சத்துக்கும் மேல ஆளுங்க கணக்க சேத்து பாத்ததுல, கடுமையா ஒடம்ப வருத்தி வேலை செய்ற ஆம்பளைங்களுக்கு சீக்கிரம் சாகுற ரிஸ்க் 18 சதவீதம் கூட. (பொம்பளைங்க கணக்குல அது தெளிவா வரல.) அவங்க சொல்ற காரணம், ஓடுறவன் அரை மணி ஓடிட்டு ரெஸ்ட் எடுக்குறான், வேலைக்காரனுக்கு எப்ப நிறுத்தணும்னு அவன் கையில இல்ல. பத்து மணி நேரம் இதயத்துடிப்பும் பிரஷரும் எறங்காமயே நிக்குது. சாப்பாடு, சம்பளம், வீடு இதெல்லாமும் கலந்துருக்குனு எதிர்த்து சொல்றவங்களும் இருக்காங்க, அதுவும் நியாயம்தான்.

இதுல எனக்கு உறுத்துறது வேற. மாரிஸ் 1949ல கேட்ட கேள்வி, ஒரு வேலை மனுசன என்ன பண்ணுதுங்கிறது. அதே ஆளு 20 வருஷம் கழிச்சு அரசாங்க ஆபீசருங்க சுமார் 17,000 பேர எடுத்தாரு, எல்லாரும் மேசை வேலை. திங்கக்கெழம காலைல பேப்பர குடுத்து, போன வெள்ளி சனி என்ன பண்ணீங்கனு நிமிஷ வாரியா எழுதச் சொன்னாரு. நீச்சல், வேக நடை, தோட்டத்துல மண்ணு வெட்டுறதுனு நல்லா வேர்க்க செஞ்சவங்களுக்கு ஹார்ட் பிரச்சனை மூணுல ஒரு பங்குதான். 1973ல வந்துச்சு. ஆய்வு நல்ல ஆய்வு, அவரும் நல்ல மனுசன், 99 வயசு வரைக்கும் இருந்தாரு. ஆனா அங்கதான் வண்டி டிராக் மாறுச்சு. வேலை என்ன பண்ணுதுங்கிற கேள்வி போயி, வேலை முடிஞ்சப்பறம் நீ என்ன பண்றங்கிற கேள்வி வந்துருச்சு. அதுக்கப்புறம் எல்லாம் உன் பொறுப்பு. ஷூ நீ வாங்கு, ஜிம்முக்கு நீ கட்டு, மீட்டர நீ மாட்டு. சேரையும் ஷிஃப்ட்டையும் போட்டவன யாரும் கேக்குறதில்ல.

இத நல்லா புடிச்சிக்கிட்டது குளிர்பானக் கம்பெனி. 2015ல அமெரிக்காவுல ஒரு விஞ்ஞானிகள் அமைப்பு, குண்டாகுறதுக்கு சாப்பாட்ட குறை சொல்லாதீங்க, அசையாம இருக்குறதுதான் காரணம்ங்கிற தொனில பேசுச்சு. தோண்டிப் பாத்தா பின்னாடி கோகோ கோலா காசு. நியூயார்க் டைம்ஸ்ல வந்து நாறி, கொலராடோ பல்கலைக்கழகம் பத்து லட்சம் டாலர திருப்பிக் குடுத்து, அந்த வருஷ டிசம்பரோட அமைப்ப கலைச்சாங்க.

இரும்புக்கை | 11:58
அப்ப எக்சர்சைஸே பொய்யா? எல்லாம் சதியா? நான் 34 கிலோ கொறைச்சிருக்கேன் அண்ணே, ஜிம்ல ரத்தம் சிந்தி.

பிசியோ தம்பி | செவ்வாய் காலை 6:50
பொய் இல்ல ப்ரோ. காசு குடுத்தவன் யாருங்கிறது வேற, தசை வேலை செய்யும்போது ரத்தத்துலேந்து சக்கரைய இழுக்குறது வேற, அது என் கண்ணு முன்னாடி க்ளுக்கோமீட்டர்ல தெரியுது. இந்தியாவுல பெரியவங்கள்ல பாதிப் பேரு போதுமான அளவு அசையறதே இல்லனு 2024ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கு சொல்லுது, பொம்பளைங்க 57, ஆம்பளைங்க 42 சதவீதம். முன்ன 10 நிமிஷம் தொடர்ந்து செஞ்சாத்தான் கணக்குல வரும்னு ஒரு விதி இருந்துச்சு, 2020ல அதையும் எடுத்துட்டாங்க, மாடிப்படி ரெண்டு நிமிஷம் ஏறுனாலும் சேத்தி.

இன்னொன்னு, தான்சானியாவுல ஹாட்சானு வேட்டையாடி வாழுற மக்கள். 2020ல அவங்களுக்கு மீட்டர் கட்டி பாத்தா அவங்களும் ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் கிட்ட சும்மாதான் இருக்காங்க, நம்மள மாதிரியே! ஆனா சேர் கெடையாது. குத்த வச்சு உக்காருறாங்க, முட்டி போடுறாங்க, அதுல கால் தசை தூங்குறதில்ல. கருப்பசாமி தாத்தா திண்ணைல எப்படி உக்காந்தாரு? சம்மணமோ குத்துக்காலோதான் இருந்திருக்கும், எந்திரிக்கும்போது தூண புடிச்சிருப்பாரு. அவரு வயல்ல பாதி நாள் வேலை செஞ்சுட்டு வந்தத விட்டுட்டு திண்ணைய மட்டும் கணக்குல எடுக்காத.

கீபோர்டு கருப்பசாமி | 9:40
கரெக்ட், தூண புடிச்சுதான் எந்திரிப்பாரு. தூண்ல அந்த எடம் மட்டும் வழவழன்னு இருக்கும்.

செல்வி அக்கா, மன்னிச்சுக்கோங்க, உங்க போஸ்ட் படிச்சப்பறம் டெஸ்க் பத்தி கேக்கவே கூச்சமா இருக்கு. உக்கார சட்டம் ஏதோ வந்துச்சுல்ல நம்ம ஊர்ல?

பழைய பேப்பர் | 10:15
வந்துச்சு. முதல்ல கேரளா. கோழிக்கோட்டுல மிட்டாய் தெரு ஜவுளிக்கடை பொம்பளைங்க, பெண்கூட்டுனு அமைப்பு வச்சு வருஷக்கணக்கா போராடி, 2018ல கடைச் சட்டத்த திருத்த வச்சாங்க. அவங்க கேட்டது உக்காரவும் கழிப்பறை போகவும் உரிமை, அவ்ளோதான். தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர்ல சட்டசபைல மசோதா வந்து 22-அ னு புது பிரிவு சேத்தாங்க. ஒவ்வொரு கடையிலயும் வேலை செய்றவங்களுக்கு தகுந்த இருக்கை குடுக்கணும், நாள் பூரா நின்னுட்டே இருக்கக் கூடாதுனு. ஒரு பக்கம் உக்காராத செத்துருவனு போஸ்டர் ஒட்டுற அதே வருஷங்கள்லதான் இன்னொரு பக்கம் உக்கார சட்டம் போட வேண்டியிருந்துச்சு.

செல்வி மதுரை | இரவு 10:35
சட்டம் வந்த வருசம் எங்க செக்சனுக்கு நாலு ஸ்டூல் வந்துச்சு. இப்பவும் இருக்கு, அது மேல சேலை பண்டல் அடுக்கி வச்சுருக்காக. செக்கிங் பண்ண ஆள் வந்தா மட்டும் பண்டல எறக்குவோம்.

பிசியோ தம்பி, இந்த காலு நரம்புக்கு ஏதாச்சும் சொல்லுவியா? ஒருத்தர் எண்ணெய் தேய்ச்சா போயிரும்னாரு, நாலு மாசமா தேய்க்கிறேன்.

பிசியோ தம்பி | 10:52
எண்ணெய்ல போகாதுக்கா, அழுத்தி தேய்க்கவும் செய்யாதீங்க. நரம்புனு சொல்றோம், அது ரத்தக்குழாய்தான், உள்ள இருக்குற வால்வு லூசானதால ரத்தம் கீழயே தேங்குது. கவுண்டர் பின்னாடி நிக்கும்போதே குதிகால தூக்கி தூக்கி எறக்குங்க, மணிக்கு ஒருதடவ இருபது. கெண்டைக்கால் தசைதான் ரத்தத்த மேல தள்ளுற பம்ப்பு. காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் உண்டு, ஆனா கடைல கேட்டு நீங்களா வாங்காதீங்க, சுகர் வேற இருக்கு, காலுக்கு ரத்தம் சரியா வருதானு டாக்டர் பாத்து அளவு எடுத்துதான் போடணும். அரசு பெரிய ஆஸ்பத்திரில ரத்தநாள சர்ஜரி ஓ.பி. எந்த நாள்னு முன்னாடியே விசாரிச்சுட்டு போங்க. கணுக்கால் பக்கம் தோல் கறுத்துருக்கா? புண்ணு ஏதும்?

செல்வி மதுரை | 10:58
எடது கால்ல கறுத்துருக்கு தம்பி. அரிப்பு. புண்ணு இல்ல.

பிசியோ தம்பி | 11:00
அப்ப தள்ளிப் போடாதீங்கக்கா. சொறியாதீங்க. இந்த வாரமே.

செல்வி மதுரை | 11:06
வெள்ளிக்கெழம எனக்கு வார லீவு. அன்னைக்கு ஓ.பி. இருக்கானு நாளைக்கு போன் போட்டு கேக்குறேன்.